மூச்சுக்குக் காவல்

"அம்மா, மூச்சு விட மறந்துபோயிட்டா என்ன பண்றது?"

மகள் இதைக் கேட்டது ஒரு காலை நேரத்தில், அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சடை பின்ன உட்கார்ந்திருந்தபோது. இரண்டாம் வகுப்புப் பெண். முந்தின நாள்தான் தண்ணீர் பாட்டிலைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததற்குத் திட்டு வாங்கியிருந்தாள். அதற்கு முன்பு ஒரு குடை, ஒற்றைக் காலுறை, கணக்குப் புத்தகம். ஆகவே மறதியைப் பற்றி அவளுக்கு நியாயமான கவலை இருந்தது.

அம்மா சீப்பை மாற்றிப் பிடிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். "பெரியம்மா அப்படித்தான் மறந்துட்டாங்களா?"

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. இழுத்த மூச்சு உள்ளே போகவில்லை. காது அடைத்தது. சீப்பு விழுந்த சத்தம் கேட்டு, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு ஓடிவந்த கணவன், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவியையும், பாதி பின்னிய சடையோடு விழித்துக்கொண்டிருக்கும் மகளையும் பார்த்தான்.

அப்படித்தான் அது தொடங்கியது.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை செய்தாள். அங்கே எல்லோருக்கும் அவள் சின்னக்கா. காரணம், அவளுக்கு முன்பே அங்கே ஒரு பெரியக்கா இருந்தாள். அவளுடைய சொந்த அக்கா. அம்மா இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்தவள். தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளாமல், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்து, அந்த வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துகொண்டு, தங்கையின் மகளுக்கும் பாதி அம்மாவாக இருந்தவள். தங்கையை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

சலவைப் பிரிவு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் துணி சுழலும் பெரிய இயந்திரங்கள், நடுவில் ஆவி பறக்கும் இஸ்திரி உருளைகள், கடைசியில் மடிக்கும் மேசைகள். வெயிலோ மழையோ அங்கே தெரியாது. வேலைக்கு வருகிறவர்களின் தலைமுடியைப் பார்த்துத்தான் வெளியே தூறுகிறதா என்று சொல்ல முடியும். படுக்கை விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனைகளைப் பிடித்து, ஓர் உதறு உதறி, நீளவாக்கில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. பிறகு ஒருத்தியை நோக்கி மற்றவள் நடந்துவந்து தன் முனையை அவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த கை கீழே இறங்கித் தொங்கும் மடிப்பைப் பிடிக்கும். நாள் முழுக்க இப்படி விலகுவதும் நெருங்குவதும்தான். பல வருடங்கள் அக்காவும் தங்கையும் அப்படி விலகி நெருங்கி மடித்திருக்கிறார்கள்.

பிறகு அக்காவின் நுரையீரல் பழுதானது. அதே மருத்துவமனையில், மூன்றாவது மாடியில், தங்கை மடித்த விரிப்பின்மேல் படுத்திருந்துதான் அவள் போனாள்.

இப்போது எதிர்முனையைப் பிடிப்பவளுக்கு ரேடியோ என்று பெயர். பேச்சை நிறுத்தத் தெரியாதவள்.

"டாக்டர் என்ன சொன்னாரு சின்னக்கா?"

"நெஞ்சு நல்லா இருக்காம். ரத்தம் நல்லா இருக்காம்."

"அப்ப என்னதான் நல்லா இல்லையாம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட சொல்லிட்டு நிக்கறேன்?"

"என் மாமியாருக்கும் இப்படித்தான். நெஞ்சு படபடங்குதும்பாங்க. நாங்க ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு மட்டும் வரும். பெட்டியைத் திரும்ப உள்ள வெச்சதும் போயிடும். இழு, இழு, உன் பக்கம் சுருக்கம்."

ஆனால் சின்னக்காவுக்கு அது பெட்டியை உள்ளே வைத்ததும் போகவில்லை. உருளைக்கு ஈரத் துணி கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒருநாள் வந்தது. நல்ல வேளை, ரேடியோ அவளை இழுத்து உட்காரவைத்தாள். மேற்பார்வையாளர் ஓடிவந்தார். எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பதால் அவருக்கு வெந்நீர் என்று பெயர். அன்று அவர் கொதிக்கவில்லை.

"இதோ பாரும்மா, உருளை பக்கத்துல மயங்கி விழுந்தா துணியோட சேர்த்து உன்னையும் இஸ்திரி போட்டுடும். இனிமே மேசை வேலை மட்டும் பாரு. அப்புறம், தரைத்தளத்துல ஆலோசகர் அம்மா இருக்காங்க. வேலை செய்யறவங்களுக்குன்னே வெச்சிருக்கு. போய்ப் பாரு."

"நான் என்ன பைத்தியமா சார்?"

"நான் போயிருக்கேன்," என்றார் வெந்நீர், குரலைத் தாழ்த்தி. "வெளியில சொல்லாதே."

ஆலோசகரின் அறை எக்ஸ்ரே பிரிவுக்கு அடுத்து இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு மேசை, யாரோ அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றி வாடவைத்திருந்த ஒரு செடி. ஆலோசகர் நடுவயதுப் பெண். சின்னக்கா வந்ததும் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"நான் மருந்து தர்றவ இல்லம்மா. மனசுல இருக்கறதைப் பேசவைக்கிறதுதான் நான் படிச்ச படிப்பு. மேல்நாட்டுல இருந்து வந்தது. ஆனா எங்க வீட்டுல எங்கப்பா தினமும் காலையில கண்ணை மூடி உட்காருவார். மூச்சைப் பார்க்கறது, சும்மா இருக்கறது, இதெல்லாம் அவர்கிட்ட கத்துக்கிட்டேன். ரெண்டும் தனித்தனியா எனக்குப் பாதிதான் உதவிச்சு. சும்மாவே உட்கார்ந்தா சில நேரம் உள்ள இருக்கறதை அமைதியாலயே மூடிடறோம். பேசிட்டே இருந்தா பேச்சாலயே மூடிடறோம். அதனால இங்க முதல்ல கொஞ்சம் உட்காருவோம். வர்றது வரட்டும். வந்ததைப் பேசுவோம். சரியா?"

"சரிங்க மேடம்."

"கண்ணை மூடிக்கங்க. மூச்சு உள்ள போறதைப் பாருங்க. வெளிய வர்றதைப் பாருங்க. மாத்த வேணாம். பார்த்தா போதும்."

சின்னக்கா கண்ணை மூடினாள். பார்த்தாள். ஆனால் அவள் பார்த்தது தன் மூச்சை அல்ல. காதுக்குள் கேட்டது அக்காவின் மூச்சு. உள்ளே போகும்போது ஒரு சின்ன விசில். வெளியே வரும்போது ஓர் அரைப்பு. பிறகு ஓர் இடைவெளி. அடுத்தது வருமா வராதா என்று கட்டிலோரம் உட்கார்ந்து காத்திருந்த அந்த இடைவெளி. அது நீளும்போதெல்லாம் இவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போதும் பிடித்துக்கொண்டாள். 

"எப்படி இருந்தது?" என்று ஆலோசகர் கேட்டாள்.

"நல்லா இருந்தது மேடம்."

வேறு என்ன சொல்வாள்? உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுத்து, அன்பாகப் பேசுகிற ஒருத்தியிடம் 'நீங்கள் கொடுத்தது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று எப்படிச் சொல்வது? நல்லவர்களுக்கு நல்லவர்கள் செய்யும் ஒரு பிழை இது. அடுத்த வாரமும் நல்லா இருந்தது என்றாள். அதற்கடுத்த வாரமும். வீட்டில் தினமும் செய்யச் சொன்னதைக் கசப்பு மருந்து போல ஒருநாள் தவறாமல் செய்தாள். செய்யச் செய்ய மோசமானது. தன் மூச்சைப் பார்க்கத் தொடங்கியவள், மகள் தூங்கும்போது அவள் மூச்சையும் பார்க்கத் தொடங்கினாள். மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள். நகர்ந்து படுத்தால் மறுபடி வைப்பாள்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கவனித்துக்கொண்டுதான் இருந்தான்.

"ஏம்மா, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க இருக்காங்களே, அவங்ககிட்ட பயப்படாதீங்கன்னு சொன்னா இன்னும் கத்துவாங்க. நான் அதைச் சொல்றதில்ல. நான் வெளியதான் நிக்கறேன், எங்கயும் போகலன்னு மட்டும் சொல்லிட்டே இருப்பேன். உங்கிட்டயும் அதுதான் சொல்றேன்."

"என்னால கதவைத் திறக்க முடியலங்க."

"நீ திறக்க வேணாம். உள்ள என்ன நடக்குதுன்னாவது சொல்லு."

அவள் துணி காயப்போட எழுந்து போய்விட்டாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம். சாப்பிட்டுவிட்டு மகளோடு தரையில் விரித்துப் படுத்தவள், அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். மூக்கடியில் ஏதோ ஊர்வது போல இருந்து விழித்தபோது, மகள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சின்ன விரல் அம்மாவின் மூக்கருகே இருந்தது. கண் இரண்டும் தூக்கத்துக்கு ஏங்கிச் சிவந்திருந்தன.

"என்னடா பண்ற?"

"காவல் காக்கறேன்மா. நீ தூங்கு."

"எதுக்குடா காவல்?"

"நீ எனக்குக் காக்கற இல்ல? அப்ப உனக்கு யாரு காக்கறது? ராத்திரியும் நான் முழிச்சுத்தான் பார்ப்பேன். அப்பாவுக்கும் பார்ப்பேன். அப்பாவுது ஈஸி, குறட்டை கேக்கும்."

சிரிப்பு வரவேண்டிய இடம். அவளுக்கு வரவில்லை. பள்ளியில் பிள்ளை வகுப்பிலேயே தூங்குகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பியது நினைவுக்கு வந்தது. தனக்கு வந்ததைத் தான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். பாதியை இந்தக் குட்டித் தோளில் ஏற்றிவைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த முறை ஆலோசகர் கண்ணை மூடச் சொன்னபோது அவள் மூடவில்லை.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"எனக்கு இது நல்லாவே இல்ல மேடம். முதல் நாள்லேர்ந்தே நல்லா இல்ல. மூச்சைப் பாருங்கன்னா எனக்கு எங்கக்கா மூச்சுதான் கேக்குது. அடுத்தது வருமா வருமான்னு… இப்ப என் பொண்ணு எனக்குக் காவல் உட்கார்றா மேடம்."

 ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"என்னை மன்னிச்சுக்கங்கம்மா. எனக்கு அமைதி தந்தது எல்லாருக்கும் தரும்னு நினைச்சுட்டேன். உங்க மூச்சுக்கு என்ன கதை இருக்குன்னு நான் முதல்ல கேட்டிருக்கணும். நீங்களும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லி என்னை நல்லா ஏமாத்திட்டீங்க."

இருவருக்குமே சிரிப்பு வந்தது. அந்த அறையில் சின்னக்கா சிரித்தது அதுதான் முதல் தடவை.

"மூச்சை விட்டுடுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். கண்ணையும் மூட வேணாம். உங்க கைக்குத் தெரிஞ்ச வேலை என்ன?"

"மடிக்கிறது."

"அங்கயே இருங்க. துணி சூடா இருக்கா, ஓரத் தையல் விரல்ல படுதா, எதிர்ல இருக்கறவங்க இழுக்கறது தெரியுதா. மனசு அக்காகிட்ட ஓடினா, ஓடினதைத் தெரிஞ்சுக்கிட்டு மறுபடி துணிக்கு வாங்க. பயம் வந்தா விரட்டாதீங்க. 'பயம் வந்திருக்கு'ன்னு மட்டும் சொல்லிக்கங்க. இங்க வரும்போது ஒரு தலையணை உறை எடுத்துட்டு வாங்க. மடியில வெச்சுக்கிட்டுப் பேசலாம்."

மறுநாள் மேசையில் அதைச் செய்து பார்த்தாள். எதிரே ரேடியோ தன் நாத்தனார் வாங்கிய மிக்ஸியின் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பேசாம மடிக்கறியா? நான் துணியைக் கவனிக்கணும்."

"துணியைக் கவனிக்கறதுக்கு வாய் எதுக்குக் குறுக்க வருது? நான் வாயாலயா பிடிச்சிருக்கேன்?"

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள். விரிப்பு வெதுவெதுப்பாக இருந்தது. ஓரத் தையல் கட்டைவிரலில் உரசியது. ரேடியோவின் குரல், உதறும்போது காற்று அடிக்கும் சத்தம், எதிர்முனையின் இழுப்பு. ரேடியோ நெருங்கிவந்து முனையைக் கையில் வைத்தபோது அந்த விரல்கள் அக்காவுடையவை அல்ல என்று தெரிந்தது. வேறு விரல்கள். சொரசொரப்பாக, சூடாக, உயிரோடு. கண் நிறைந்தது. 'அழுகை வந்திருக்கு' என்று சொல்லிக்கொண்டாள். ரேடியோ ஒரு கணம் பேச்சை நிறுத்தி அவளைப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் மிக்ஸிக்கே திரும்பிப் போனாள். அந்தக் கேளாமையும் ஓர் உதவிதான்.

ஆலோசகர் அறையில் அடுத்த வாரம் ஒரு நாற்காலி கூடுதலாக இருந்தது.

"இதுல உங்கக்கா உட்கார்ந்திருக்காங்கன்னு வெச்சுக்கங்க. அவங்ககிட்ட சொல்ல நினைச்சதைச் சொல்லுங்க."

"காலி நாற்காலிகிட்டயா? எங்க ரேடியோ பார்த்தா ஊருக்கே ஒலிபரப்பிடுவா மேடம்."

"ரேடியோ இங்க இல்ல. பாதம் தரையில இருக்கட்டும். கை துணியில இருக்கட்டும். அவசரமில்ல."

சின்னக்கா உறையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அக்கா," என்றாள். அந்தச் சொல்லை யாரையும் நோக்கிச் சொல்லி வெகுநாளாகியிருந்தது. "அக்கா, நான் தூங்கிட்டேன்க்கா."

பிறகு உடைந்து வந்தது. வேலை முடிந்து நேரே வார்டுக்குப் போனது, கட்டில் ஓரத்தில் தலை சாய்த்தது, ஒரே ஒரு நிமிடம் என்று கண்ணை மூடியது, விழித்தபோது அந்த விசில் சத்தம் இல்லாமலிருந்தது. எல்லோரிடமும் 'என் கையைப் பிடிச்சுக்கிட்டே அமைதியா போனாங்க' என்று சொல்லியிருந்தாள். கணவனிடமும் அப்படியேதான். "என்னைக் கண்ணு மூடாம வளர்த்தியே, நீ போறப்ப நான் கண்ணை மூடிட்டேன்க்கா. தனியா விட்டுட்டேன்."

 அவள் அழுது ஓய்ந்த பிறகு ஆலோசகர் மெல்லக் கேட்டாள்.

"தனியாத்தான் இருந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் தூங்கிட்டேனே."

"வார்டுல அன்னிக்கு இருந்த நர்ஸ்கிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அன்று முதல் மூன்றாவது மாடிக்கே அவள் போனதில்லை. அந்த மாடிக்குப் போகும் துணி வண்டியை எப்போதும் வேறு யாரிடமாவது தள்ளிவிட்டுவிடுவாள்.

அந்த வாரம் தானே தள்ளிக்கொண்டு போனாள். தலைமை நர்ஸ் மருந்து அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"நீங்க பெரியக்கா தங்கச்சி இல்ல? அப்புறம் இந்தப் பக்கமே வரலயே?"

"சிஸ்டர், அன்னிக்கு… நான் தூங்கிட்டேன். ஏன் சிஸ்டர் என்னை எழுப்பல?"

நர்ஸ் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவளைப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரவைத்தாள்.

"எழுப்பத்தான் வந்தேன். உங்கக்காதான் வேணாம்னு தலையை ஆட்டினாங்க. அவங்களுக்கு நினைவு இருந்துச்சு. உங்களைக் காட்டி, தூங்கட்டும்கிற மாதிரி கையைக் காட்டினாங்க. அப்புறம் அவங்க கை எதையோ தேடுச்சு. பக்கத்துக் கட்டில் ஆளுக்குத் துணைக்கு வந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கடைசிவரைக்கும் விடல. நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க நிமிர்ந்தே பார்க்கல."

"அந்த அம்மா யாரு சிஸ்டர்? எங்க இருக்காங்க?"

"அவங்க ஆளு குணமாகிப் போயிட்டாங்க. எந்த ஊரோ. பேரு கூட எனக்குத் தெரியாதும்மா."

அன்று மாலை வீட்டில், கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தூங்கியதை, பொய் சொன்னதை, அந்த அம்மாவை.

"எனக்காக எங்கக்கா கையைப் பிடிச்சிருக்காங்க. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல. இந்தக் கடனை யாருகிட்ட போய் அடைக்கிறது?"

"அவங்க கடனா கொடுத்த மாதிரி தெரியலயே," என்றான் அவன். "கொடுத்துட்டுப் போயிட்டாங்க."

மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவளைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தாள்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்ட இல்ல? மூச்சு விட மறந்துட்டா என்ன பண்றதுன்னு. மறக்கவே முடியாதுடா. ஏன்னா அது நம்ம வேலையே இல்ல. தண்ணி பாட்டிலையே மறந்துட்டு வர்றவங்ககிட்ட கடவுள் அந்த வேலையைக் கொடுப்பாரா? அதை அவரே பார்த்துக்கறாரு. பெரியம்மா மறக்கல. அவங்களுக்கு வேலை முடிஞ்சிடுச்சு, அவர் எடுத்துக்கிட்டாரு."

"அப்ப நான் காவல் காக்க வேணாமா?"

"வேணாம். நானும் காக்கப்போறதில்ல. தூக்கம் வர்றவரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கோ, போதும்."

மகள் யோசித்தாள். "அப்பா குறட்டையை மட்டும் கடவுள்கிட்ட சொல்லி நிறுத்த முடியுமா?"

இது ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. விரல் சில இரவுகள் தானாகவே நீண்டது, பாதியில் திரும்பிவந்தது. மகள் தூங்கத் தொடங்கினாள். பிறகு அம்மா. ஆலோசகரிடம் போவதை அவள் நிறுத்தவில்லை. கொஞ்சம் உட்காருவது, கொஞ்சம் பேசுவது. ஒருநாள் யாரும் சொல்லாமலே கண் மூடிக்கொண்டது. மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது. அவளுடைய மூச்சு.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு மாலை. மூன்றாவது மாடிக்கு விரிப்புகளை அடுக்கிவிட்டுத் திரும்பும்போது, ஆண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் ஒரு கிழவரைப் பார்த்தாள். பக்கத்து முக்காலியில், சட்டையெல்லாம் பெயின்ட் தெறித்த ஓர் ஆள், மகனாக இருக்க வேண்டும், கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறான். கிழவரின் கை விரிப்பின்மேல் அங்குமிங்கும் ஊர்ந்துகொண்டிருந்தது. நர்ஸ்கள் யாரும் கண்ணில் படவில்லை. மற்றக் கட்டில்களில் எல்லோரும் அயர்ந்திருந்தார்கள்.

சின்னக்கா வண்டியைச் சுவரோரம் விட்டாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.

கிழவர் கண் திறக்கவில்லை. விரல்கள் மட்டும் பற்றிக்கொண்டன. மூச்சு உள்ளே போகும்போது கரகரத்தது. வெளியே வந்தது. இடைவெளி. அவள் அந்த இடைவெளியில் உட்கார்ந்திருந்தாள். பயம் வந்தது, வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். அவளுடைய மூச்சு நிற்கவில்லை. கிழவரின் அடுத்த மூச்சும் வந்தது. அதற்கடுத்ததும். ஜன்னலில் மழை தட்டியது. கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்து, கிழவர் நல்ல தூக்கத்தில் ஆழ்ந்தார்.

மகனின் தோள் அசைந்தது. அவள் கிழவரின் கையை மெதுவாக அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் கண் திறப்பதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியேறியிருந்தாள்.

கீழே ரேடியோ இடுப்பில் கைவைத்து நின்றாள். "துணி கொடுக்கப் போனியா, நெசவு நெய்யப் போனியா? எவ்வளவு நேரம்?"

"லிஃப்ட் நின்னுடுச்சு."

"உன் வீட்டுக்காரர் பார்த்த வேலையாத்தான் இருக்கும்," என்றாள் ரேடியோ, ஒரு விரிப்பின் முனையை அவளிடம் எறிந்து. "பிடி."